ஏலப்பூவும் அதன் விருந்தாளியும்

ஏலப்பூவைப் படுத்துக்கொண்டுதான் வரைய முடியும். தட்டை ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். மலபார் ரகத்தில் பூச்சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும். ஜூன் மாதம் வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போனால், காலில் உப்பும் புகையிலையும் தேய்த்து அட்டைக்கு வழியடைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளை விரித்துக் குப்புறக் கிடக்க வேண்டும். அப்போதுதான் பூ நம்மை நேருக்கு நேர் பார்க்கும். தேனீ பறந்து வந்து சேர்வதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான். அதனால் இந்த வேலையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அந்த ஈர மண்.

மகரந்தம் சுமக்கும் உயிர்களையும் பூக்களையும் வைத்து ஒரு ஓவியக் காட்சி நடத்தலாம் என்று எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து முடிவு செய்தபோது, நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். எந்தப் பூவும் தனியாகத் தொங்கக் கூடாது. அதைத் தேடி வரும் உயிர் அதே தாளில் இருக்க வேண்டும். தாவரப் படங்களின் பழைய மரபு அப்படிப்பட்டதல்ல. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் நம் ஏலமும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே நான் கை பழகினேன். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார் வைட். அவர்கள் செய்தது செடியை இனம் காணும் வேலை. இலை, பூ, பிளந்த காய், விதை எல்லாம் அதில் துல்லியமாக இருக்கும். அந்தப் பூ ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அந்தப் படங்களின் வேலையல்ல. அந்தப் பதில் வெளியிலிருந்து பறந்து வருகிறது.

ஏலப்பூவை எடுத்துக்கொள்வோம். வெள்ளை உதடு, அதன் நடுவே ஊதாக் கோடுகள். பார்ப்பதற்கு இதழ் போல இருக்கும் அந்த உதடு உண்மையில் இதழே இல்லை. உருமாறிய மகரந்தத் தாள். உண்மையான மகரந்தத் தாள் ஒன்றே ஒன்று, உதட்டுக்கு மேலே கூரையாக நிற்கிறது. அதன் இரண்டு மகரந்தப் பைகளுக்கு இடையில் சூல்தண்டு நுழைந்து, சூல்முடி சற்றே மேலே எட்டிப் பார்க்கிறது. தேனீ உதட்டில் இறங்கி, கோடுகளின் வழியே தொண்டைக்குள் தலையை நுழைக்கும்போது முதுகு மேலே உரசுகிறது. போன பூவின் மகரந்தம் இங்கே ஒட்டும். இங்குள்ளது அடுத்த பூவுக்குப் போகும். சூல்முடி மேலே இருப்பதால் மகரந்தம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. வலை போட்டு மூடிய சரத்தில் காய் பிடிப்பது அபூர்வம்.

இன்னும் உள்ளே போனால் வியப்பு கூடும். தேன் இருப்பது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான ஒடுங்கிய குழலுக்குள். அடுக்குத் தேனீயின் நாக்கோ அரை சென்டிமீட்டர் அளவுதான். எப்படி எட்டுகிறது? பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பெலவாடியும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் இதற்கு விடை எழுதினார்கள். குழலின் நடுவே ஓடும் சூல்தண்டு இருப்பதால்தான், தன் நாக்கின் நீளத்தையும் தாண்டிய ஆழத்திலிருந்து தேனீயால் தேனை உறிஞ்ச முடிகிறது. விதை உண்டாக்க வந்த உறுப்பே விருந்து பரிமாறவும் உதவுகிறது. இதைப் படித்த பிறகு, நீளவாக்கில் பிளந்த பூவை நான்கு மடங்கு பெரிதாக்கி ஒரு தாள் வரைந்தேன். என் வேலைகளில் நான் மனதார நேசிப்பது அது.

வரையும் விதத்தையும் இந்த அறிவு மாற்றிவிடுகிறது. வெள்ளைப் பூவுக்கு வெள்ளைச் சாயம் தொடுவதில்லை. தாளை அப்படியே விட்டு, சுற்றியுள்ள நிழலைச் சாம்பல் பச்சையில் போட்டால் பூ தானாக எழும். ஊதாக் கோடுகளுக்கு மெஜந்தாவில் துளி அல்ட்ராமரின். தூரிகையை உதட்டின் விளிம்பிலிருந்து தொண்டையை நோக்கி இழுக்கிறேன், தேனீ நடக்கிற திசையில். அப்போது கோடு உள்ளே போகப் போக அடர்ந்து முடியும். சிறகை வரையும்போது பின்னால் தெரியும் இலையை முதலில் முழுதாக முடித்துவிட்டு, உலர்ந்த பிறகே நரம்புகளைப் போடுவேன். மழைக்காலத்தில் தாள் சீக்கிரம் உலராது. அடுப்படியில் வைத்து எடுக்க வேண்டும். வரைவதற்காக எந்தத் தேனீயையும் கொல்வதில்லை. தானாகச் செத்துக் கிடப்பது கிடைத்தால் லென்ஸில் பார்த்துக்கொள்வேன். நீலப்பட்டைத் தேனீயின் அந்த நீலம் மட்டும் எந்தச் சாயத்திலும் முழுதாக வராது. உயிரோடு பறக்கையில் பார்த்த நினைவையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

காட்சியில் ஏலத்துக்குப் பக்கத்தில் முள்முருக்கை வைத்தோம். சிவப்பைத் தனி நிறமாகத் தேனீயால் காண முடியாது. அந்தச் சிவப்பு பறவைகளுக்கான அழைப்பு. அதனால் அந்தத் தாளில் ஒரு தேன்சிட்டு. அடுத்தது மிளகு. மிளகுச் சரத்துக்குப் பகட்டும் இல்லை, தேனும் இல்லை. மகரந்தத்தைச் சரத்தின் வழியே கீழிறக்கப் பெரிதும் உதவுவது மழைத்துளி. அந்தத் தாளில் விருந்தாளி ஒரு சொட்டுத் தண்ணீர்.

பார்க்க வந்தவர்களில் ஏலக்காய் எடுத்தே வயதான ஒரு அம்மா இருந்தார். படத்துக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ஈ முதுகுல பொடி ஒட்டியிருக்கு பாரு. அப்ப இந்தப் பூ காய் பிடிச்சிரும்" என்றார். அந்த மங்கிய மஞ்சள் புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கண்ணுக்காகத்தான் நான் வரைகிறேன். இந்த மலையில் ஏலத்தைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் சரத்துக்கு முன் குனிந்து நாளெல்லாம் வேலை செய்யும் பெண்கள். அவர்களுக்குப் பொய்யாகத் தெரியும் படம் எனக்கும் வேண்டாம்.

ஏலப்பூவின் ஆயுள் ஒரு பகல். விடியுமுன்னே விரியத் தொடங்கி, மாலையில் வாடும். காலைப்பொழுதுதான் அதற்கும் தேனீக்கும் உரிய நேரம். அந்த நேரத்தில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் மருந்து அடித்தால், காய் பிடிக்க வைக்க வந்த உயிரே முதலில் விழுகிறது. ஹெக்டேருக்கு நான்கு தேனீப் பெட்டி வையுங்கள் என்று சிபாரிசு செய்கிறார்கள். பெட்டி வைத்தும் காலையில் மருந்தடித்தால் அதில் பயன் என்ன? கொழுந்து கிள்ளிக்கொண்டே இருக்கும் தேயிலைச் சரிவு தேனீக்குப் பெரிதாக ஒன்றும் தருவதில்லை. நிழல் மரமும் காட்டு ஓரமும் ஓடைக்கரைப் புதரும்தான் ஏலம் பூக்காத மாதங்களில் அதற்குச் சோறு போடுகின்றன. அவற்றை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு விளைச்சல் குறைந்தது என்று வருந்தக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு படத்துக்குக் கீழும் மூன்று விவரங்களை எழுதி வைத்தோம்: பூவின் பெயர், அதற்கு வரும் உயிரின் பெயர், அது வரும் நேரம். பூ வரையக் கற்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதுதான். பென்சிலை எடுக்கும் முன் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பூவின் அருகில் கிடந்து, யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தோட்டக்காரர்களிடம் நான் கேட்பது அந்த மூன்றாவது வரியை மட்டும். அந்த நேரத்தில் உங்கள் தோட்டத்தில் ஸ்பிரேயர் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.