புரூஸ் லீ நிஜமாகவே அடிப்பாரா?

எங்கள் வகுப்பில் இந்த மாதம் முழுக்க ஒரே வாக்குவாதம். புரூஸ் லீக்கு நிஜமாகவே சண்டை தெரியுமா, இல்லை எல்லாம் சினிமாவா? பசங்க இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தால், "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். அதனால்தான் சுவர் இதழில் எழுதுகிறேன். இங்கே யாரும் குறுக்கே பேச முடியாதே!

முதலில் பொய்யைக் கழித்துவிடுவோம். அவர் நஞ்சாக்குவால் டேபிள் டென்னிஸ் ஆடும் வீடியோவை எல்லாரும் காட்டுகிறார்கள். அது 2008-ல் நோக்கியா செல்போனுக்காகச் சீனாவில் எடுத்த விளம்பரம். ஆடுபவர் அவர் சாயலில் இருக்கும் வேறொருவர். புரூஸ் லீ இறந்ததோ 1973 ஜூலை 20, வெறும் 32 வயதில். செத்து 35 வருஷம் கழிச்சு எப்படிப்பா ஆடுவாரு?

'வே ஆஃப் த டிராகன்' (1972) படத்தில் சக் நாரிஸை அடித்துப் போடுவாரே, அதையும் சாட்சியாக எடுக்க முடியாது. சக் நாரிஸ் நிஜமான கராத்தே சாம்பியன். ஆனால் அந்தப் படத்துக்குக் கதை எழுதி இயக்கியது புரூஸ் லீயே. கதையை எழுதினவரு தோப்பாரா?

அப்படியானால் என்ன மிச்சம்? ஹாங்காங்கில் இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் கற்றார். (அந்தக் கலைக்கு ஒரு பெண்ணின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பசங்க கவனிக்கவும்.) 1958-ல், 17 வயதில், பள்ளிகளுக்கு இடையேயான குத்துச்சண்டைப் போட்டியில் ஜெயித்தார். அதன் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் சண்டை போட்டுப் பட்டம் வாங்கவில்லை. ஆகவே "உலகத்துலயே நம்பர் ஒன்" என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

என்னை நம்ப வைத்தது வேறு ஒன்று. 1964-ல் அமெரிக்காவில் ஓக்லண்ட் ஊரில் வாங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரரோடு பூட்டிய கதவுக்குள் ஒரு சண்டை. கேமரா இல்லை. மூன்று நிமிஷத்தில் புரூஸ் லீ ஜெயித்தார் என்றார் அவர் மனைவி லிண்டா. யாரும் ஜெயிக்கவில்லை, இருபது நிமிஷத்துக்கு மேல் நடந்தது என்றது எதிர்த்தரப்பு. அது எப்படியோ போகட்டும். அந்தச் சண்டை இவ்வளவு நேரம் இழுத்ததே, மூச்சு வாங்கியதே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம். அன்றிலிருந்து பயிற்சியையே மாற்றினார். ஓட்டம், குத்துச்சண்டை, வாள்வீச்சு எல்லாவற்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்துத்தான் ஜீத் குன் டோ உண்டாக்கினார். சும்மா வேஷம் போடுகிறவர் எதுக்கு இந்தப் பாடு படணும்?

இன்னொன்று. குத்துச்சண்டையில் ஜெயித்த அதே 1958-ல் அவர் ஹாங்காங்கில் சா-சா நடனத்திலும் சாம்பியன்! கால் வேகம் சும்மா வருமா? சனிக்கிழமை கராத்தே வகுப்பில் நாங்கள் கட்டா செய்யும்போது "என்ன, டான்ஸ் கிளாஸா?" என்று சுவர் மேல் உட்கார்ந்து சிரிப்பவர்களே, ஆமாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை கீழே இறங்கி வந்து எதிரில் நின்று பாருங்கள். மாஸ்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு