மயிர்க்கொட்டியும் குளவியும்: அம்ரும் தீவில் ஒரு நடை

ஒக்டோபர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? டாகெப்யூல் துறைமுகத்தில் கப்பல் ஏறி அம்ரும் தீவுக்குப் போய்ப் பாருங்கள். 1875இல் ஒளியேற்றிய வெளிச்சவீடு, மணல்மேடுகளுக்கு நடுவே பலகைப் பாதை, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை மணல். காற்று மட்டும் பலமாக அடிக்கும், தொப்பி கவனம்!

பாதையை மெதுவாகக் கடக்கும் ஒரு பெரிய மயிர்க்கொட்டியைப் பிள்ளைகள்தான் முதலில் காண்பார்கள். கபில நிறம், விரல் நீளம். ஜெர்மன்காரர் இதை ‘ப்ரொம்பேர்ஷ்பின்னர்’ என்பார்கள். தொட விடாதீர்கள், மயிர் பட்டால் தோல் கடிக்கும். மண்ணுக்குள்ளும் பாசிக்குள்ளும் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் கூடு கட்டி, மே, ஜூனில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். அதற்குப் பிறகு அது சாப்பிடுவதே இல்லை. ஆண் பகலில் வேகமாகப் பறக்கும், பெண் இருட்டியபின் பறக்கும்.

இப்படிப்பட்ட புழுக்களைத் தேடி வருவதுதான் ‘ஷ்லுப்ஃப்வெஸ்பெ’ என்னும் ஒட்டுண்ணிக் குளவி. அதில் ஒரு வகை செம்மஞ்சள் நிறம், நீண்ட உணர்கொம்பு, அரிவாள் போல வளைந்த வயிறு. இரவில் யன்னல் வெளிச்சத்துக்கும் வரும். அந்துப்பூச்சி சிறகு விரித்தால் ஐந்து, ஆறு சென்ரிமீற்றர். குளவியின் உடலோ இரண்டு சென்ரிமீற்றர்தான். ஆனால் சின்னதுதான் பெரியதை வெல்கிறது. உயிருள்ள புழுவுக்குள் முட்டை இடும். உள்ளே பொரிக்கும் குஞ்சு, முக்கிய உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைத்துத் தின்னும்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று எங்கட அம்மம்மாமார் சொல்வார்கள். கூட்டுக்குள் போனது புழு, வெளியே வந்தது குளவி. அவர்கள் கண்டது சரிதான். இடையில் நடந்ததுதான் வேறு.

“அப்ப குளவி கூடாததோ?” என்று பிள்ளை கேட்கும். சிரித்து மழுப்ப வேண்டாம். டார்வினையே உலுக்கிய கேள்வி இது. கருணையுள்ள கடவுள் இப்படியொரு குளவியைப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று 1860இல் ஆசா கிரேக்கு எழுதினார்.

வீட்டுக்கு வந்தபின் அரிசி வாளியைக் காட்டுங்கள். மாவிலும் அரிசியிலும் அந்து விழுந்தால், இங்கே கடையில் அட்டை வாங்கி வைப்போமே? அதிலிருந்து வெளிவருவதும் அரை மில்லிமீற்றர் கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிதான். அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கிறது. தீவில் பாவமாகத் தெரிந்த அதே வேலை, சமையலறையில் எங்களுக்கு உதவி. கூடாததா, நல்லதா என்று பிள்ளையே யோசிக்கட்டும்.