டிட்டிகாகாவுக்குப் போகும் பாதை

மனிதன் ஓயாமல் பேசுவதற்கு எவ்வளவு காற்றுத் தேவை என்பதை நாங்கள் பெரு தேசத்துக் கூஸ்கோ நகரில்தான் அறிந்தோம். எங்கள் கோஷ்டியில் ஓர் எஞ்சினீயர் நண்பரும் அவருடைய மனைவியாரும் இருந்தார்கள். சென்னையில் விமானம் ஏறியது முதல் லிமா நகரம் வரையில் நண்பரின் வாய் ஓய்ந்ததில்லை. கூஸ்கோவோ கடல் மட்டத்துக்கு 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே இறங்கிய அரைமணி நேரத்துக்கெல்லாம் அவர் மௌன விரதம் பூண்டுவிட்டார். தலைவலி, குமட்டல், நாலு படி ஏறினால் நெஞ்சு படபடப்பு. உயரத்தினால் வரும் இந்த உபாதையை அவ்வூரார் "சொரோச்சே" என்கிறார்கள். கோக்கா இலையை வெந்நீரில் போட்டு அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கொக்கேன் என்னும் பொல்லாத வஸ்து இதே இலையிலிருந்து வடித்தெடுக்கப்படுவதுதான். ஆனால் வெறும் இலையாக அதை அம்மலைவாசிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மென்று வருகிறார்கள். இரண்டு நாளில் நண்பருக்குப் பேச்சு திரும்பிற்று. நாங்களும் புறப்பட்டோம்.

கூஸ்கோவிலிருந்து ஏரிக்கரை நகரமான பூனோவுக்குச் சுமார் 240 மைல். பஸ்ஸில் ஒரு பகல் பிரயாணம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் கெச்சுவா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருக்கு இரண்டு குரல் உண்டு என்பதை முதல் நாளே கண்டுகொண்டோம். ஒன்று, பிரயாணிகளுக்கென்று மனப்பாடம் செய்த உரத்த குரல். மற்றொன்று, கேட்டால்தான் வெளிவரும் தணிந்த குரல். பெரிய தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தை வண்டி கடந்தபோது, கோயில் கட்டிய கதையை முதல் குரலில் சொல்லி முடித்தார். பிறகு எங்கள் பக்கம் குனிந்து, "இந்த இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் இதைப் பற்றி மறுபடியும் பேச வேண்டி வரும்" என்றார்.

சாலை வில்கனோட்டா நதியை ஒட்டியே போகிறது. இரு புறமும் சோளக்கொல்லைகள். அவற்றுக்கு மேல் மொட்டை மலைகள். டிண்டா என்னும் சிற்றூர் வந்தது. பஸ் கம்பெனியின் அட்டவணையில் அந்த ஊரின் பெயர் இல்லை. வழிகாட்டி சாரதியிடம் ஏதோ சொன்னார். வண்டி பத்து நிமிஷம் நின்றது.

18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் ஜோஸே காபிரியேல் கொண்டோர்கான்கி என்று ஒருவர் இருந்தார். சில கிராமங்களுக்குத் தலைவர். கோவேறு கழுதைகளை வைத்துச் சரக்குப் போக்குவரத்து நடத்திய செல்வந்தர். ஸ்பானியர் 1572-ல் கூஸ்கோ சதுக்கத்தில் சிரச்சேதம் செய்த கடைசி இன்கா மன்னன் தூபாக் அமாருவின் வழித்தோன்றல் என்று சொல்லி, அந்தப் பெயரையே இவரும் சூட்டிக்கொண்டார். அக்காலத்தில் கிராமங்களிலிருந்து முறை வைத்து ஆண்களைப் பொட்டோஸி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. ஜில்லா அதிகாரிகளோ வேண்டாத சாமான்களை வைத்த விலைக்கு ஜனங்களின் தலையில் கட்டிப் பணம் பிடுங்கினார்கள். தூபாக் அமாரு வழக்காடிப் பார்த்தார், விண்ணப்பம் போட்டுப் பார்த்தார். பயனில்லை. 1780-ஆம் வருஷம் நவம்பர் மாதம் டிண்டா அதிகாரியைச் சிறைப்பிடித்துத் தூக்கிலிட்டார். மலைநாடு முழுவதும் தீப்பற்றிக்கொண்டது.

"அவருடைய மனைவி?" என்று எஞ்சினீயரின் மனைவியார் கேட்டார். நாங்கள் எவரும் கேட்கத் தோன்றாத கேள்வி. வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. மிக்காயெலா பாஸ்டிடாஸ் என்பது அந்த அம்மாளின் பெயர். படைக்கு ஆளும் உணவும் ஆயுதமும் திரட்டி அனுப்பியவர் அவரே. தாமதிக்காமல் கூஸ்கோவின் மீது செல்லும்படி கணவருக்குக் கண்டிப்பாகக் கடிதங்கள் எழுதினார். கணவர் தாமதித்தார். அதற்குள் நகரம் பலப்பட்டுவிட்டது.

1781 மே 18-ல், காலையில் நாங்கள் கடந்து வந்த அதே சதுக்கத்தில், தூபாக் அமாருவின் கண்ணெதிரே அவர் மனைவியையும் மூத்த மகனையும் கொன்றார்கள். அவர் நாக்கை அறுத்தார்கள். கை கால்களை நான்கு குதிரைகளில் பிணைத்து நாற்புறமும் இழுக்கச் செய்தார்கள், குதிரைகளால் முடியவில்லை. பிறகு தலையை வெட்டினார்கள். அந்தத் தலையை டிண்டாவுக்கு அனுப்பும்படியும், கை கால்களை வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பும்படியும் தீர்ப்பில் எழுதியிருந்தது. அத்துடன் இன்கா மரபு உடை கூடாது, சங்கு ஊதக் கூடாது, பழைய மன்னர்களைப் பற்றிய நாடகம் கூடாது என்றும் உத்தரவாயிற்று. கெச்சுவாவையும் ஒழிக்கப் பார்த்தார்கள். அந்த மொழி 1975-ல் பெரு தேசத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று.

வண்டி மறுபடி கிளம்பியபோது எஞ்சினீயருக்குச் சொரோச்சே வந்துவிட்டதோ என்று நினைத்தோம், அவ்வளவு மௌனம்.

ராக்சியில் இன்காக்கள் கட்டிய விராக்கோச்சா ஆலயத்தின் நடுச்சுவர் நிற்கிறது. கீழே கல், மேலே வெறும் மண்கட்டி. ஆனாலும் நாற்பது அடி உயரத்துக்கு நிற்கிறது. லா ராயா கணவாயில் 14,000 அடிக்கு மேல் ஏறிவிட்டோம். பனிமலைக் காற்று காதை அறுத்தது. கம்பளி மூட்டைகளைப் போன்ற அல்பாக்காக்கள் மஞ்சள் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. இங்கே ஒரு வேடிக்கை. கணவாய்க்கு வடக்கே விழும் மழைத்துளி அமேஸான் நதியில் சேர்ந்து அட்லாண்டிக் சமுத்திரம் வரை போகிறது. தெற்கே விழும் துளி டிட்டிகாகா ஏரிக்குப் போகிறது. அது எந்தக் கடலையும் பார்ப்பதில்லை. கணவாயிலிருந்து இறங்கியதும் ஸாண்டா ரோஸா என்ற ஊரை வழிகாட்டி கை காட்டினார். "ஒரு கால் இங்கே" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஏரியை மறுநாள் காலையில் பார்த்தோம். ஏரி என்கிற பெயர் அதற்குச் சிறிது. 12,500 அடி உயரத்தில் 120 மைல் நீளத்துக்கு ஒரு கடல்! பாதி பெருவுக்கும் பாதி பொலிவியாவுக்கும் சொந்தம். பல நதிகள் வந்து விழுகின்றன. வெளியே போவது தேஸாகுவாதேரோ ஒன்றுதான். வந்த நீரில் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிவிடுகிறது. ஆகையால் மழை தவறினால் ஏரி உடனே மெலிகிறது. 2023-ல் நீர் மிகவும் வற்றிப் படகுகள் சேற்றில் தரை தட்டி நின்றதாகப் படகோட்டி சொன்னார்.

எஞ்சினீயருக்கு உயிர் வந்தது யாவாரி என்ற கப்பலைப் பார்த்தபோதுதான். இங்கிலாந்தில் செய்து, 2,766 துண்டுகளாகப் பிரித்து, 1862-ல் கடற்கரை வரை கொண்டுவந்து, பிறகு கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டிஸ் மலை ஏற்றினார்களாம். எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்து, கப்பலாகி, நீரில் மிதந்தது 1870-ல். நிலக்கரி கிடைக்காததால் லாமா என்னும் பிராணியின் காய்ந்த சாணத்தை எரித்து ஓட்டினார்களாம். "வரட்டிக் கப்பல்!" என்று நண்பர் அதற்குப் பெயர் சூட்டினார்.

ஊரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். டோடோரா என்ற கோரையின் வேர்க்கட்டிகளைப் பிணைத்து, அதன் மேல் கோரையை அடுக்கடுக்காகப் பரப்பிய தீவுகள். அடியில் அழுக அழுக மேலே புதுக்கோரை போட வேண்டும். நடந்தால் ஈர வைக்கோற்போரில் நடப்பது போலிருக்கிறது. அங்குள்ள பெண்கள் எங்களுக்காகப் பாடினார்கள். அடுத்த படகு வந்ததும் அதே பாட்டை அவர்களுக்கும் பாடினார்கள். எங்களுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆயினும் அதுவும் ஒரு ஜீவனம்தானே?

தக்கீலே தீவு வேறு ரகம். துறையிலிருந்து ஊருக்கு ஐந்நூறுக்கு மேல் கற்படிகள். நாங்கள் பத்துப் படிக்கு ஒரு முறை இயற்கைக் காட்சியை ரசித்தோம். அதாவது மூச்சு வாங்கினோம். எதிரே வந்த ஆண்பிள்ளைகள் நடந்துகொண்டே கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு போனார்கள். பெண்கள் நம் தக்ளியைப் போன்ற கதிரைச் சுழற்றி நடந்துகொண்டே நூல் நூற்றார்கள். அங்கே பின்னல் ஆணுக்கு, நூற்பும் நெசவும் பெண்ணுக்கு. 2005-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த நெசவுக் கலையை மனித குலத்தின் பொக்கிஷங்களுள் ஒன்றாக அறிவித்தது.

மத்தியான போஜனம் ஒரு குடும்பத்தார் வீட்டில். உருளைக்கிழங்கு ஸூப். உருளைக்கிழங்கை முதல் முதலில் பயிராக்கியவர்கள் இந்த ஏரியைச் சூழ்ந்த மலைநாட்டார். ஏழாயிரம் வருஷத்துக்குக் குறையாத பழக்கம். வாரந்தோறும் நம் வீட்டில் கறியாகும் பதார்த்தத்தின் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் எங்களுக்கு ஒரு சம்பந்தி உறவு வந்துவிட்டது. இரவு உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து வற்றலாக்கி வருஷக்கணக்கில் சேமிக்கிறார்கள். வற்றல் போடும் கலையில் கைதேர்ந்த எஞ்சினீயரின் மனைவியார் அதைக் கையில் எடுத்து முகர்ந்து, கூழாங்கல் போல் இருக்கிறது என்று தீர்ப்புக் கூறினார்.

சாப்பிட்ட பிறகு வழிகாட்டி தணிந்த குரலில் பேசினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவு அரசியல் கைதிகளை அடைக்கும் இடமாக இருந்தது. நிலமோ வெளியூர் நிலச்சுவான்தார்களுக்குச் சொந்தம். தீவு மக்கள் தங்கள் பாட்டன் மண்ணில் குடியானவர்கள். 1930-களிலிருந்து அவர்கள் காசு சேர்த்து, தங்கள் நிலத்தையே துண்டு துண்டாக விலைக்கு வாங்கினார்கள்! டிண்டாவில் வாளால் முடியாததைத் தக்கீலேக்காரர் பத்திரப் பதிவினால் முடித்துக்கொண்டனர். பிறகு பிரயாணிகள் வரத் தொடங்கியபோது படகுகளையும் தாமே ஓட்டினார்கள். விருந்தினரை வீடு வீடாக முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆனால் பூனோ நகரத்து ஏஜெண்டுகள் வேகமான படகுகளுடன் வந்து அந்தத் தொழிலில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாங்கள் வந்த படகு?" என்று கேட்டோம்.

"நகரத்துப் படகுதான்" என்றார் வழிகாட்டி. "நான் அந்த ஏஜெண்டிடம் சம்பளம் வாங்குகிறவன்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஊர்ச் சதுக்கத்தில் கூட்டுறவுக் கடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சாமானிலும் செய்தவரின் பெயரும் விலையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பேரம் கிடையாது. எஞ்சினீயர் தலைமுறை தலைமுறையாகப் பேரம் பேசி வந்த குடும்பம். அவர் ஒரு தொப்பியைக் கையில் எடுத்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு முழு விலையையும் எண்ணி வைத்தார். மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமான அழகிய தொப்பி. அதை அணிந்துகொண்டு அவர் வெளியே வந்ததும் திண்ணையில் இருந்த கிழவர்கள் கலகலவென்று நகைத்தார்கள். விசாரித்ததில், பாதி வெள்ளைத் தொப்பி பிரம்மசாரிகளுக்கு உரியது, முழுச் சிவப்பே கல்யாணமானவர்களுக்கு என்று தெரிந்தது.

அவருடைய மனைவியார் அந்தத் தொப்பியைக் கழற்றித் தம் பைக்குள் போட்டுக்கொண்டு, கடைக்குள் திரும்பிப் போய், சிவப்புத் தொப்பி ஒன்றுக்கும் விலைச்சீட்டில் கண்டபடியே பணம் கொடுத்தார்.