மலைச் சேத்துக்குப் பழைய ஜிப்சி

மலை பி.எச்.சி. போஸ்டிங் கிடைச்ச ஜூனியர்ஸ் கேக்குறது: "அண்ணா, செகண்ட் ஹேண்ட் ஜிப்சி எடுக்கலாமா?" எடுக்கலாம். பெயின்ட்ல மயங்காதீங்க.

1) ஆயில் ஸ்டிக்கை உருவுங்க. ஆயில் பால் காபி நிறமா இருந்தா உள்ள தண்ணி இறங்கியிருக்கு. வேண்டாம்.

2) கீழ படுத்து சேஸியைத் தட்டுங்க. துரு உதிர்ந்தா கிளம்பிடுங்க.

3) ஃபோர் வீலைச் சேத்துல போட்டுப் பாருங்க, காய்ஞ்ச தார் ரோட்டுல போட்டா கியர் பாக்ஸ் முறுக்கும்.

4) 15 வருஷம் தாண்டின வண்டின்னா ஆர்.சி. புதுப்பிச்சிருக்கான்னு கேளுங்க.

5) முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், தூக்கிப் போடும். பாம்பு கடிச்சவரை ஏத்தினா கடிபட்ட கால் அசையக் கூடாது. கட்டை வச்சு அணை கட்டிட்டு ஏத்துங்க.

108 மேல ஏற முடியாத மழை ராத்திரியில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகணும். அதுக்குத்தான் இந்த வண்டி.