சண்டை போட வாய்த்த தலைவர்

2015 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 வீடியோ கேம் கண்காட்சிக்கு நிண்டெண்டோ நிறுவனம் ஒரு காணொளியைத் தயாரித்திருந்தது. அதில் நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாட்டா துணிப்பொம்மையாக வந்தார். மூக்குக்கண்ணாடியும் நடுவகிடும் அப்படியே இருந்தன. அமெரிக்காவின் ஜிம் ஹென்சன் நிறுவனம் செய்து கொடுத்த பொம்மை அது. கூடவே 'மாரியோ'வைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோவும், அமெரிக்கக் கிளையின் தலைவர் ரெஜி ஃபில்ஸ்-எய்மேயும் பொம்மைகளாக வந்து, மூவரும் 'ஸ்டார் ஃபாக்ஸ்' விளையாட்டின் விலங்கு விமானிகளாக உருமாறினார்கள். உலகின் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் தன்னைத் தானே கேலிப்பொருளாக்கிக்கொள்வதைப் பார்த்து ரசிகர்கள் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் திட்ட ஆரம்பித்தார்கள். எதிர்பார்த்த கேம்கள் வரவில்லை. 'வீ யூ' கன்சோல் விற்பனையில் படுத்துக் கிடந்தது. 'மெட்ராய்டு' வரிசையில் புதிதாக அறிவித்த கேம் பிடிக்காமல் போய், அதைக் கைவிடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். இவாட்டா ட்விட்டரில் பதில் எழுதினார். கருத்துகளைக் கேட்டுக்கொண்டோம், எதிர்பார்ப்புக்கு ஈடு கொடுக்க முயல்வோம் என்பது அதன் சாரம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 13, திங்கட்கிழமை, கியோட்டோவிலிருந்து ஒரு சுருக்கமான அறிவிப்பு வந்தது. பித்தநாளத்தில் ஏற்பட்ட கட்டியால் இவாட்டா ஜூலை 11 அன்று காலமானார். வயது 55. முந்தைய ஆண்டே அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். உடல் மெலிந்ததை எல்லோரும் கவனித்திருந்தார்கள். ஆனால் வேலைக்குத் திரும்பிவிட்டதால் தேறிவிட்டார் என்றே நம்பியிருந்தார்கள்.

அன்று நிண்டெண்டோவின் சமூக வலைத்தளப் பக்கங்கள் மௌனம் காத்தன. அமெரிக்காவில் ரெட்மண்ட் நகரிலுள்ள கிளை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. நியூயார்க் ராக்கஃபெல்லர் சென்டரிலிருந்த நிண்டெண்டோ கடைக்கு ரசிகர்கள் பூங்கொத்துகளும் கைப்பட எழுதிய கடிதங்களும் கொண்டுவந்து வைத்தார்கள். தொழிலில் நேரெதிர் நின்ற சோனியின் பிளேஸ்டேஷன் தரப்பும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் தரப்பும் இரங்கல் சொன்னார்கள். நிண்டெண்டோவின் சொந்த வலைத்தளமான மீவெர்ஸில் ரசிகர்கள் கன்சோலின் தொடுபேனாவால் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களாக வரைந்து குவித்தார்கள். மாரியோ அழுதார், இன்னொரு கேம் பாத்திரமான கிர்பியும் அழுதது. கியோட்டோவில் சூறாவளி மழைக்கு நடுவே இரண்டு நாள் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 4,100 பேர் வந்தார்கள்.

ஒரு நிறுவனத்தின் தலைவர் இறந்தால் பங்குச் சந்தை கவலைப்படும். வாடிக்கையாளர் கவலைப்படுவது அபூர்வம். 2011-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது கடை வாசல்களில் கடித்த ஆப்பிள்களை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் துக்கத்தில் பிரமிப்பு அதிகம். இவாட்டாவை அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. நேற்றுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தாம் அன்று அழுதார்கள்.

அதற்குக் காரணம் அவர் நடந்து வந்த பாதையில் இருக்கிறது. 1959-இல் ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் பிறந்தவர். அப்பா பின்னாளில் முரோரான் நகர மேயரானவர். பள்ளியில் படிக்கும்போதே நிரல் எழுத வசதியுள்ள ஹெவ்லெட்-பேக்கார்டு கால்குலேட்டர் ஒன்றில் எண்களை மட்டும் வைத்து கேம் செய்து, பக்கத்து மாணவனை விளையாட வைத்தார். டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, இகெபுகுரோவில் ஒரு பல்பொருள் அங்காடியின் கணினிப் பிரிவே கதியென்று கிடந்தார். அங்கே சேர்ந்த கூட்டம்தான் 'ஹால் லேபரட்டரி' என்ற சிறு நிறுவனம் ஆயிற்று. அதில் பகுதிநேர வேலை பார்த்து, படிப்பு முடிந்ததும் முழுநேரம் சேர்ந்தார். பட்டம் வாங்கிய பிள்ளை பொம்மைக் கம்பெனி மாதிரி ஓர் இடத்துக்குப் போனதில் அப்பாவுக்குக் கோபம். ஆறு மாதம் பேசவில்லையாம்.

அங்கே அவர் எழுதிய கேம்களில் ஒன்று 'பலூன் ஃபைட்'. முதுகில் இரண்டு பலூன் கட்டிய மனிதன் கையை அடித்து அடித்துப் பறந்து, எதிரியின் பலூனை உடைக்க வேண்டும். தண்ணீருக்கு மிக அருகே போனால் மீன் எழும்பி விழுங்கிவிடும். தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் பெட்டியிலும், '9999 இன் 1' என்று அட்டையில் அச்சடித்த கேசட்டிலும் இதே பலூன் கேம் இருந்தது. தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறையெல்லாம் அதை ஆடியவர்களுக்கு அதை எழுதியவரின் பெயர் தெரியாது. அந்தக் கேசட்டுகளால் அவருக்கு ஒரு காசும் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்தப் பலூன் மனிதனின் அசைவில் ஒரு சூட்சுமம் உண்டு. குறைந்த திறன் கொண்ட வீட்டுக் கன்சோலில், பெரிய ஆர்கேட் இயந்திரத்தில் ஓடியதைவிட அவன் வழுக்கிக்கொண்டு மிதந்தான். எப்படி என்று கேட்டு வந்தவர் 'சூப்பர் மாரியோ'வுக்கு நிரல் எழுதிய தோஷிஹிகோ நாகாகோ. பாத்திரம் திரையில் நிற்கும் இடத்தை முழு எண்ணாக மட்டும் கணக்கிட்டால் அசைவு கட்டம் கட்டமாகத் தெறிக்கும்; தசமப் புள்ளிக்குப் பின்னாலும் கணக்கிட்டுக்கொண்டே போனால் வேகம் கூடுவதும் குறைவதும் இழைந்து வரும். இவாட்டா அதை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். மாரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டங்கள் அந்தப் பாடத்தில் பிறந்தவை.

1990-களின் தொடக்கத்தில் ஹால் கடனில் மூழ்கியது. 1993-இல் 33 வயது இவாட்டா அதன் தலைவரானார். 150 கோடி யென் கடனை ஆறேழு ஆண்டுகளில் அடைத்தார். ஊழியர் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இருமுறை தனியாக உட்காரவைத்துப் பேசும் வழக்கம் அப்போது தொடங்கியது. இடையே எழுத்தாளர் ஷிகேசாட்டோ இடோயின் 'மதர் 2' கேம் சிக்கி நின்றபோது போய்ப் பார்த்து, இருப்பதைச் சரிசெய்தால் இரண்டு ஆண்டு, முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம் என்று கணக்குச் சொன்னார், எழுதியும் கொடுத்தார். 2002-இல் நிண்டெண்டோவின் நான்காவது தலைவரானபோது, நிறுவனத்தைத் தொடங்கிய யமவுச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் ஆள் அவர்தான். அதற்கு முந்தைய ஆண்டு, நிண்டெண்டோவின் நிறுவனத் திட்டமிடல் பிரிவுக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தபோதே, 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' குறித்த நேரத்தில் முடியாது என்ற நிலை வந்ததும் யமனாஷியிலிருந்த ஹால் அலுவலகத்துக்குப் போய் மூன்று வாரம் பிழை திருத்தினார். புரோகிராமராக அவர் கைவைத்த கடைசி வேலை அது.

அவர் தலைமையில் வந்த கன்சோல்களில் 'நிண்டெண்டோ டிஎஸ்' 15 கோடிக்கு மேலும், 'வீ' 10 கோடிக்கு மேலும் விற்றன. கையசைத்தால் திரையில் பந்து உருளும் 'வீ' முதியோர் இல்லங்களுக்குள்ளும் போனது. கேமே ஆடாதவர்களை ஆடவைப்பதுதான் அவர் குறி. தீவிர ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. தங்களை விட்டுவிட்டு பாட்டிகளுக்கு கேம் செய்கிறார் என்று குமுறினார்கள்.

அந்தக் குமுறலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது 2011 அக்டோபரில் தெளிவாயிற்று. பத்திரிகையாளர் கூட்டம், விளம்பரம் என்ற சுற்றுவழியை விட்டுவிட்டு, 'நிண்டெண்டோ டைரக்ட்' என்ற இணைய ஒளிபரப்பில் இவாட்டாவே கேமரா முன் வந்து நின்றார். இரண்டு கைகளையும் மார்பருகே வைத்து நேரே முன்னால் நீட்டுவார். உங்களுக்கு நேரடியாக என்று அர்த்தம். வெளிநாட்டு ரசிகர்களுக்குத் தன் ஜப்பானிய வாடை வீசும் ஆங்கிலத்திலேயே பேசுவார். 'வீ யூ' வெளிவந்தபோது வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு சாமானாக மேசைமேல் எடுத்துவைத்தார், அன்றுதான் கடையில் வாங்கிவந்தவர் போல. 'இவாட்டா கேட்கிறார்' என்ற பேட்டித் தொடரில் தன்கீழ் வேலை செய்கிறவர்களைத் தானே கேள்வி கேட்டு, ஒரு கேம் எப்படி உருவாகிறது என்று பேசவைத்தார். நல்ல செய்தியைச் சொன்ன முகமே, கேம் தள்ளிப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. கோபப்படுகிறவனுக்குக் கோபப்பட ஒரு முகம் கிடைத்தது. அந்த முகமும் பதிலுக்குத் தலை தாழ்த்தியது.

2015 ஜூலையில் ரசிகர்கள் இழந்தது அந்தப் பேச்சுவார்த்தையைத்தான். அவர்கள் எழுதியதில் வணிக சாதனைப் பட்டியல் குறைவு. எந்த வயதில் எந்த கேமை யாரோடு ஆடினோம், எந்த 'டைரக்ட்' நிகழ்ச்சிக்காகத் தூங்காமல் விழித்திருந்தோம் என்பதே அதிகம்.

துக்கத்துக்குப் பின்னாலேயே புராணமும் வந்து சேர்ந்தது. 'போக்கிமான் கோல்டு, சில்வர்' கேம்களில் ஒரு முழு நிலப்பரப்பு கூடுதலாக இடம்பிடித்தது இவாட்டா ஒருவர் கைவண்ணம் என்ற கதை இன்றும் ஓடுகிறது. படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் கருவியை அவர் எழுதியது உண்மை. அந்த நிலப்பரப்பு முழுவதையும் அவர் கணக்கில் எழுதியது ரசிகர்களின் தாராளம். ஊழியர்களைக் காப்பாற்றச் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார் என்பது இன்னொன்று. 2013-இல் பங்குதாரர் கூட்டத்தில், வேலைநீக்கம் செய்தால் மிச்சமிருப்பவர்களின் ஊக்கம் குலையும் என்று அவர் மறுத்தது உண்மை. 2014-இல் வருமானம் சரிந்ததற்குப் பொறுப்பேற்று ஐந்து மாதம் பாதிச் சம்பளம் வாங்கியதும் உண்மை. இரண்டும் தனித்தனிச் சம்பவங்கள், ஒட்டிவைத்தவர்கள் ரசிகர்கள். அதே 2014-இல் ஐரோப்பியக் கிளை ஜெர்மனியில் இடம் மாறியபோது சுமார் 130 பேர் வேலையிழந்தார்கள். இது நினைவஞ்சலிகளில் வருவதில்லை.

நிண்டெண்டோவும் சும்மா இருக்கவில்லை. ஆனால் சத்தமில்லாமல் செய்தது. 2016-இல் வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோ'வின் முடிவில், போரில் வீழ்ந்த தங்கள் சக விமானிக்கு என்று பெயரில்லாத ஒரு சமர்ப்பணம் இருந்தது. 2017-இல் வந்த 'ஸெல்டா'வில் மூக்குக்கண்ணாடியும் நடுவகிடுமாக ஒரு வழிப்போக்கன் வருவான். 'சடோரி' என்ற மலையில் வாழும் ஒளிவீசும் விலங்கைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டு, இது யார் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட விநோதம் 'ஸ்விட்ச்' கன்சோலுக்குள் இருந்தது. 2017 செப்டம்பரில், அதன் அடிப்படை மென்பொருளைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு, இவாட்டா 1984-இல் நிரல் எழுதிய 'கால்ஃப்' கேம் உள்ளே ஒளிந்திருப்பது தெரிந்தது. உட்கடிகாரம் ஜூலை 11 காட்ட வேண்டும். முகப்புத் திரையில் இருந்தபடி, இரு கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடித்து 'டைரக்ட்' நிகழ்ச்சியில் அவர் செய்வதுபோல முன்னே நீட்ட வேண்டும். அப்போதுதான் கேம் திறக்கும். கோவிலில் வாங்கும் தாயத்தைப் போல ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ஜப்பானிய ரசிகர்கள் நெகிழ்ந்தார்கள். அடுத்து வந்த மென்பொருள் புதுப்பிப்பில் அது காணாமல் போயிற்று. அதை ஏன் எடுத்தீர்கள் என்று மறுபடி சண்டை.

சண்டை ஓயவும் இல்லை. 2025 ஏப்ரலில் 'ஸ்விட்ச் 2' அறிமுகமாகி, 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' 80 டாலர் என்று தெரிந்ததும், நிண்டெண்டோவின் நேரலை முழுக்க விலையைக் குறை என்ற ஒற்றைக் கோஷம் ஓடியது. இவாட்டா இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டவர்கள் பலர். அவரை உயிரோடு பார்த்திராத வயதினரும் அவர்களில் உண்டு. 2011-இல் '3டிஎஸ்' கன்சோலுக்கு 25,000 யென் விலை வைத்ததும் அதே இவாட்டாதான். விற்காமல் போகவே, அரை ஆண்டுக்குள் 15,000 யென்னுக்கு இறக்கினார். முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார். தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்த 20 கேம்களில் 'பலூன் ஃபைட்'டும் ஒன்று. அப்போதும் ரசிகர்கள், விலையைக் குறைத்தது போதாது, நல்ல புது கேம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.