ஹாப்ஸ் மணக்கும் செப்டம்பர்

ஹாப்ஸ் பூவின் கசப்பும் மணமும் தூக்கலாக உள்ள நல்ல பீர் ஒன்றைக் குடித்துப் பார்க்க ஆசை, எதை வாங்கலாம் என்று கேட்டால், அமெரிக்கக் கடைக்காரர்கள் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) அலமாரியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே விதவிதமான படங்களுடன் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ‘ஹாப்பி’ (hoppy), அதாவது ஹாப்ஸ் மிகுந்தது என்று எழுதியிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் எனக்குத் தெளிவு வந்தது வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில், அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த கொட்டகைகளில் நின்றபோதுதான்.

சியாட்டிலிலிருந்து கிழக்கே காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டியதும் நிலம் அடியோடு மாறிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் தூறல். இந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். குன்றுகளெல்லாம் காய்ந்த புல்லின் நிறம். மலைப்பனி உருகி ஓடிவரும் யாக்கிமா ஆற்று நீரை வாய்க்கால்களிலும் சொட்டுநீர்க் குழாய்களிலும் கொண்டுவந்து இந்த வறண்ட நிலத்தில் ஆப்பிளும் செர்ரியும் ஹாப்ஸும் விளைவிக்கிறார்கள். அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து போகிறது. 46 பாகை வட அகலாங்கு. கோடையில் பகல் நீண்டு கிடக்கும். ஹாப்ஸ் கொடிக்கு வேண்டியது அந்த நீண்ட பகல்தான்.

மாக்ஸி என்ற சிற்றூரை நெருங்கும்போதே கார் ஜன்னல் வழியாக மணம் வந்துவிட்டது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போலவும், பைன் மரப் பிசினைக் கசக்கியது போலவும் ஒரு காரமான பச்சை மணம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய ஊர் முழுக்க இந்த வாசனைதான் என்றார் என்னை அழைத்துப்போன நண்பர். சியாட்டிலில் பல ஆண்டுகளாக வசிப்பவர், ஸ்பானிஷ் பேசுவார். பண்ணைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் என்பதால் அவர் இல்லாமல் நான் யாரிடமும் பேசியிருக்க முடியாது.

நாங்கள் போன பண்ணையில் 18 அடி உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். கம்பியிலிருந்து தரைக்குக் கயிறுகள் இறங்குகின்றன. கயிற்றைச் சுற்றிக்கொண்டு கொடி உச்சிவரை ஏறி, கம்பியின் மேல் கவிழ்ந்து தொங்குகிறது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் திராட்சைப் பந்தலைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. நடுவில் நடந்தால் இரு பக்கமும் பச்சைச் சுவர். கயிற்றைத் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிட்டது, தென்னை நார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறது என்றார் மேஸ்திரி. ஆண்டுதோறும் புதுக் கயிறு கட்டுகிறார்கள். அறுவடையில் கொடியோடு கயிற்றையும் சேர்த்தே வெட்டி, பூவை எடுத்தபின் இரண்டையும் நறுக்கி மட்கவைத்து வயலுக்கே உரமாகப் போட்டுவிடுகிறார்கள். நைலான் என்றால் மட்காது. இந்தத் தொழிலின் அடித்தளத்தில் நம் பக்கத்து நார்க்கயிறு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

மெக்சிகோவின் மிச்சோவகான் பகுதியிலிருந்து வந்து வெகுகாலமாக இங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணி, கயிறு கட்டுவதும் கொடி ஏற்றுவதும் எப்படி என்று விளக்கினார். வசந்தத்தின் தொடக்கத்தில் டிராக்டர் இழுக்கும் உயரமான மேடையில் நின்றபடி ஆட்கள் ஒவ்வொரு கயிறாகக் கம்பியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். கீழே மற்றொரு குழு கயிற்றின் நுனியைச் செடியருகே மண்ணுக்குள் குத்தி இறுக்கும். பிறகு ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் கொடியைக் கயிற்றில் சுற்றிவிட வேண்டும். ஒரு தூருக்கு இரண்டு கயிறு. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தளிர்.

“கடிகார முள் போற பக்கமாத்தான் சுத்தணும். மாத்திச் சுத்தினா ராத்திரிக்குள்ள அவிழ்ந்துக்கும். எந்தத் தளிரை எடுக்கறது, எதைக் கிள்ளிப் போடறதுன்னு கை சொல்லும். இதுக்கு மெஷின் கிடையாது” என்றார். அவர் சொன்னது சரிதான். இவ்வளவு இயந்திரங்கள் ஓடும் பண்ணையிலும் இந்த ஒரு வேலை முழுக்கக் கையால் நடக்கிறது. குனிந்த முதுகோடு, பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். சரியாக ஏற்றிவிட்டால் ஜூன் மாதத்தில் ஒரே நாளில் ஓர் அடிகூட வளரும்.

அவருடைய முன்கைகளில் மெல்லிய சிவப்புக் கோடுகள் இருந்தன. கொடியின் தண்டில் கொக்கி போன்ற சுணைகள் உண்டு. கயிற்றைப் பற்றி ஏற அவைதான் உதவுகின்றன. அதே சுணை மனிதத் தோலையும் கீறும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, இடைவெளியில் டேப் ஒட்டியும் கீறல் விழத்தான் செய்கிறது.

ஒரு பூவைப் பறித்து நகத்தால் இரண்டாகப் பிளந்து காட்டினார். கட்டைவிரல் நுனி அளவுதான். வெளிர்பச்சை இதழ்கள் கூம்பாக அடுக்கியிருக்கின்றன. இதழ்களின் அடியில், நடுக்காம்பை ஒட்டி மஞ்சள் பொடி. அதுதான் லுப்புலின். ஹாப்ஸ் கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி என்றாலும் அதற்குப் போதை கிடையாது. லுப்புலினில் இருக்கும் ஆல்பா அமிலங்கள் மால்ட் சாற்றோடு கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அதே பொடியில் இருக்கும் எண்ணெய்கள்தான் மணம். அவை கொதியில் ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவே கசப்புக்கான ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலும், மணத்துக்கானதைக் கடைசியிலும் போடுகிறார்கள். பீர் நொதித்து ஆறியபின் தொட்டியில் மறுபடியும் ஹாப்ஸைப் போட்டு ஊறவைப்பதும் உண்டு. கடையில் நாம் தேடுகிற மணம் பெரும்பாலும் இந்தக் கடைசி ஊறலில் வருவதுதான்.

பறிக்கும் கொட்டகையில் காதைப் பிளக்கும் சத்தம். லாரியில் வந்து குவியும் கொடிகளை ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி, தலைக்கு மேல் ஓடும் சங்கிலியின் கொக்கியில் மாட்டுகிறார்கள். கொடி தொங்கியபடி உருளைகளுக்கு நடுவே போகிறது. உருளைகளில் உள்ள கம்பி விரல்கள் இலையையும் பூவையும் உருவிவிடுகின்றன. இலையையும் பூவையும் பிரிப்பதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு எளிமையானது: சாய்வாக மேல்நோக்கி ஓடும் பட்டை. உருண்டையான பூ கீழே உருண்டு விழுகிறது. தட்டையான இலை பட்டையோடு ஒட்டி மேலே போய்விடுகிறது. கடைசிப் பட்டையருகே நிற்கும் பெண்கள் தப்பி வந்த காம்பையும் இலையையும் பொறுக்கி வீசுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவிலும் விளக்குப் போட்டு ஓடுகிறது. பூ முற்றி நிற்கும் நாட்கள் கொஞ்சம் என்பதால் கொட்டகையை நிறுத்தி வைக்க முடியாது.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது உலர்த்தும் கூடம். பறித்த பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பத்து விழுக்காடு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய அறைகளின் தளத்தில் துணி விரித்து, அதன் மேல் பூவை இரண்டரை அடி ஆழத்துக்குப் பரப்பி, கீழிருந்து சூடான காற்றை ஊதுகிறார்கள். மணத்துக்கான ரகங்களுக்குச் சுமார் 55 டிகிரி செல்சியஸ். எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். சூடு கூடினால் எண்ணெய் பறந்துவிடும். பீரில் மணம் இராது. ஈரம் மிஞ்சினாலோ சிப்பத்துக்குள் புழுங்கும், தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். யாக்கிமாவில் ஹாப்ஸ் கிடங்குத் தீ எவ்வளவு பெரிய இழப்பு என்பது 2006 அக்டோபரில் தெரிந்தது. ஒரே கிடங்கு எரிந்ததில் அந்த ஆண்டின் அமெரிக்க விளைச்சலில் சுமார் 4 விழுக்காடு போயிற்று.

கூடத்தின் பொறுப்பாளர் நரைத்த மீசைக்காரர். சுவரில் ஈரமானி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் பூக்குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் மேலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்தார். ஒரு பூவின் இதழ்களை உதிர்த்துவிட்டு நடுக்காம்பை வளைத்தார். வளைந்ததே தவிர ஒடியவில்லை. “இன்னும் அரைமணி” என்றார். அரைமணி கழித்து மறுபடியும் எடுத்து வளைத்தபோது ‘டிக்’கென்று ஒடிந்தது. உடனே காற்றை நிறுத்தச் சொன்னார். “மீட்டர் ஒரு இடத்தைத்தான் சொல்லும். கை எல்லா இடத்தையும் சொல்லும்.” பீரின் மணம் நிலைப்பதும் போவதும் இந்த அரைமணி நேரத்தில் இருக்கிறது. எந்த டப்பாவிலும் இவர் பெயர் இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

உலர்ந்த பூவை ஆறவைத்து, அழுத்தி, துணியில் வைத்துத் தைத்து 200 பவுண்டு சிப்பங்களாக்குகிறார்கள். நம் கணக்கில் 90 கிலோ. குளிர்க் கிடங்குக்குப் போய், பெரும்பகுதி அரைபட்டு, பச்சைக் குச்சி மாத்திரைகளாக உலகெங்கும் போகிறது. வாங்க வரும் பீர் காய்ச்சுபவர்கள் செப்டம்பரில் இங்கேயே வந்து, மாதிரிகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்துச் சிப்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே ரகம்கூட வயலுக்கு வயல், பறித்த நாளுக்கு நாள் மணம் மாறும்.

இந்தப் பள்ளத்தாக்கின் ஹாப்ஸுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அண்மையில்தான். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அதன்பின் அமெரிக்காவை ஆண்டது ஹாப்ஸ் மிகக் குறைவாகப் போட்ட மென்மையான லாகர். 1972-ல் அரசின் வேளாண் ஆய்வாளர்கள் ஆரிகன் மாநிலத்தின் கொர்வாலிஸில் உருவாக்கிய காஸ்கேட் ரகம் வெளிவந்தது. 1980-ல் சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீர் அதை ஊரறியச் செய்தது. 1982-ல் பெர்ட் கிராண்ட் யாக்கிமாவிலேயே, காய்ச்சும் இடத்திலேயே பீர் பரிமாறும் கடையைத் திறந்தார். மதுவிலக்குக்குப் பின் அந்த நாட்டில் அதுவே முதல். சிம்கோ, சிட்ரா, மொசைக் எல்லாம் அதன் பிறகு வந்தவை. இப்போது மறுபடியும் இறங்குமுகம். 2021-ல் அமெரிக்காவில் 60,000 ஏக்கருக்கு மேல் இருந்த ஹாப்ஸ் பரப்பு 2024-ல் சுமார் 45,000 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. கிடங்குகளில் பழைய சரக்கு தேங்கியிருக்கிறது. கொடியைப் பிடுங்கிய வயல்களில் கம்பங்கள் மட்டும் நிற்பதை வழிநெடுகப் பார்த்தோம். அந்த வயல்களில் கயிறு கட்டியவர்கள் இந்த வசந்தத்தில் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். சிலர் ஆப்பிள் தோட்டத்துக்கு, சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள் என்றார்.

மாலையில் பேல் பிரேக்கர் போனோம். தலைமுறைகளாக ஹாப்ஸ் பயிரிடும் குடும்பம் 2013-ல் தங்கள் வயலுக்கு நடுவே தொடங்கிய பீர் ஆலை அது. புல்வெளியில் பெஞ்சுகள், கைக்கெட்டும் தூரத்தில் கொடிகள். முதலில் ஃபீல்டு 41 பேல் ஏல் வாங்கினேன். 4.5 விழுக்காடுதான். மெல்லிய உடம்பு, அதன் மேல் சாத்துக்குடித் தோலின் மணம், முடிவில் நாக்கைச் சுத்தம் செய்கிற கசப்பு. அடுத்தது டாப்கட்டர் ஐபிஏ. கொடியின் உச்சியை வெட்டும் இயந்திரத்தின் பெயர் அது. பகலில் வயலில் அந்த வண்டியைப் பார்த்திருந்தேன். இதில் பைன் பிசினும் பழமும் சேர்ந்து வருகின்றன.

பிறகு ‘ஃப்ரெஷ் ஹாப்’. அறுத்த பூவை உலர்த்தாமல், 24 மணி நேரத்துக்குள் கொதிகலனில் போட்டுக் காய்ச்சுவது. தண்ணீர்ச் சத்து நிறைந்த பூ என்பதால் உலர்ந்ததைப் போலப் பல மடங்கு போட வேண்டும். மூக்கருகே கொண்டுபோனதும் பிளந்த பூவின் பச்சை மணம் அப்படியே இருந்தது. வெள்ளரிக்காய், அறுத்த புல், கொஞ்சம் முலாம்பழம். கசப்பு உருண்டையாக, முனையில்லாமல் இறங்கியது. நான் குடித்த ஹாப்ஸ் பீர்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஆகவே தேடுபவர்களுக்கு நான் சொல்வது: பேல் ஏலில் தொடங்குங்கள், கசப்பும் வீரியமும் கூடிய இரட்டை ஐபிஏவில் வேண்டாம். லேபிளில் ரகத்தின் பெயர் போட்டிருந்தால் படியுங்கள். காஸ்கேட் என்றால் பம்ளிமாஸ் தோல், சிம்கோ என்றால் பிசின், சிட்ரா என்றால் மாம்பழமும் எலுமிச்சையும். எல்லாவற்றுக்கும் முன்னால் டப்பாவைக் கவிழ்த்து, அடைத்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் எவ்வளவு பெயர்பெற்ற பீராக இருந்தாலும் வைத்துவிடுங்கள். கூடத்தில் அந்த மீசைக்காரர் காப்பாற்றிய மணம் அதற்குள் வடிந்திருக்கும். குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கியதையும், வெளிச்சம் படும்படி பச்சைப் பாட்டிலிலோ நிறமற்ற பாட்டிலிலோ இருப்பதையும் வாங்காதீர்கள். பெங்களூரில் இருப்பவர்கள், கடை பாட்டிலைவிட அங்கேயே காய்ச்சித் தொட்டியிலிருந்து பிடித்துத் தரும் இடங்களுக்குப் போவது நல்லது. யாக்கிமாவுக்கே போக வாய்ப்பிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃப்ரெஷ் ஹாப் பீர் செப்டம்பரில் வரத் தொடங்கும், அக்டோபர் முதல் சனிக்கிழமை அதற்கென்றே ஊரில் திருவிழா, நவம்பருக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.