ராஜா என்ற பெயர்

ஞாயிறு காலையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து, எல்ஆர்டி பிடித்தேன். தாமான் ஜெயாவில் இறங்கினால் பக்கத்திலேயே அம்கார்ப் மால். வார இறுதியில் அங்கே பழைய பொருள் சந்தை கூடும். இசைத்தட்டுகளுக்கும் ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு கூடை நிறையப் பொம்மைகள். பையன் கையை விட்டுத் துழாவி ஒரு மீன் வீரனை எடுத்தான். கில் கிரன்ட். ஸ்கைலேண்டர்ஸ் வீடியோ விளையாட்டின் முதல் பெட்டியில் வந்த மூன்று பொம்மைகளில் ஒன்று.

2011 அக்டோபரில் ஆக்டிவிஷன் வெளியிட்ட விளையாட்டு அது. டாய்ஸ் ஃபார் பாப் என்ற ஸ்டூடியோ உருவாக்கியது. ஒளிரும் பீடம் ஒன்று கூடவே வரும். அதன்மேல் பொம்மையை வைத்தால் அதே வீரன் டிவி திரைக்குள் குதிப்பான். எடுத்தால் போய்விடுவான்.

அன்று காலை ஸ்டேஷன் கேட்டில் தட்டிய டச் அண்ட் கோ அட்டைக்கு இந்தப் பொம்மை உறவுக்காரன். இரண்டிலும் பேட்டரி கிடையாது. கேட்டும் பீடமும் வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைதான் உள்ளே இருக்கும் சிப்புக்கு மின்சாரம். அலை பட்டதும் சிப் விழிக்கும். எழுதியிருப்பதைச் சொல்லும், புதியதை எழுதிக்கொள்ளும். அட்டைக்குள் மீதிப் பணம். பொம்மைக்குள் வீரன் எட்டிய லெவல், சேர்த்த தங்கம், பிள்ளை வைத்த செல்லப்பெயர். இந்த நினைவு டிவிப் பக்கம் இருக்கும் கருவியில் இல்லை, பொம்மையின் காலடியில் இருக்கிறது. அதனால் ஒரு வீட்டு வீ கருவியில் வளர்த்த வீரனைப் பையில் போட்டுக்கொண்டு போய், மேல்மாடி நண்பனின் பிளேஸ்டேஷனில் அதே பலத்தோடு இறக்கலாம். எத்தனை நல்ல ஏற்பாடு!

வீட்டுக்கு வந்து எங்களிடம் இருந்த பீடத்தில் வைத்தோம். திரையில் ஒரு பெயர் வந்தது: ராஜா. ஏழாவது லெவல். முதல் விளையாட்டில் பத்துதான் உச்சம். யாரோ ஒரு பிள்ளை எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து ஏற்றிய ஏழு.

"அழிச்சிட்டு உன் பேரை வைக்கலாம்டா, அதுக்கு வழி இருக்கு" என்றேன்.

"வேணாம் மாமா. இவன் பேரு ராஜா. இனிமே நான் வளக்கிறேன்" என்றான்.

எனக்குப் பேச்சே வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த முகம் தெரியாத பிள்ளையின் உழைப்பு புரிந்திருக்கிறது.

இந்த வகை விளையாட்டுகள் அதிக நாள் நிற்கவில்லை. 2013இல் டிஸ்னி இன்ஃபினிட்டி வந்தது, 2015இல் லெகோ டைமென்ஷன்ஸ். ஆண்டுதோறும் புதுப் பொம்மை, புதுப் பீடம் என்று கடைத் தட்டுகள் நிரம்பின, பெற்றோர் சலித்துப்போனார்கள். டிஸ்னி 2016 மே மாதம் நிறுத்துவதாக அறிவித்தது. லெகோவின் விளையாட்டு 2017இல் முடிந்தது. பிள்ளைகளின் ஆசையை இவ்வளவு வேகமாகக் கறந்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனாலும் கம்பெனி கைவிட்ட பிறகும் ராஜா உயிரோடிருக்கிறான். அவன் நினைவு எந்த ஊர் சர்வரிலும் இல்லை என்பதே காரணம். இன்று என் மருமகன் ஃபோனில் விளையாடும் விளையாட்டுகளில் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. சர்வரை மூடினால் அவன் சேர்த்ததெல்லாம் அதோடு போகும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று மூடி வைத்தது. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அந்தப் பொம்மைகளைக் குப்பையில் போடாதீர்கள். வேறொரு பிள்ளையிடம் கொடுங்கள். கொடுக்கும்போது உள்ளே இருக்கும் பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.